பார்லோ ஓடைக்கு இந்தப் பக்கம்

எங்கள் ஊரான டூவூம்பாவை விட்டுக் கிளம்பிய முதல் நாள் சாயங்காலமே, நான் சுட்டுக் கொடுத்த இறைச்சியை டீகன் தட்டோடு புல்லில் கவிழ்த்தாள். "வாசனையே சரியில்ல" என்றாள். அவளுடைய அப்பா ரஸ் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "பசிக்கலைன்னா விடு, வற்புறுத்தாத" என்றான். அதை என்னிடம் சொன்னான்.

டீகனுக்குப் பதினைந்து வயது. ரஸ்ஸின் முதல் மனைவி டார்வினில் வேறொருவனோடு குடும்பம் நடத்துகிறாள். மகளை அனுப்பிவை என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவதென்று தெரியாமல், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த என் தலையில் கொட்டினாள் அந்தப் பெண். எனக்கும் ரஸ்ஸுக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பஸ் நிறையப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவளுக்கு வீட்டில் ஒருத்தியைப் பார்த்துக்கொள்ள முடியாதா என்று ரஸ் அடிக்கடி கேட்பான். பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள் என்று நான் சொன்னால் அவனுக்குச் சிரிப்பு வரும். நான் சிரிப்புக்குச் சொன்னதில்லை.

ஈஸ்டர் விடுமுறைக்கு மேற்கே போவோம், ஆள் அரவமில்லாத இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கினால் மூன்று பேரும் ஒட்டிக்கொள்வோம் என்பது அவன் யோசனை. விரித்தால் கூடாரமாகும் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினான். அதை இழுத்துக்கொண்டு போன வழியெல்லாம் சண்டை. கண்ணாடியை ஏற்றினால் சண்டை, இறக்கினால் தூசி என்று சண்டை. பெட்ரோல் போட நின்ற இடத்தில் நான் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தேன். அவள் அதை வாங்கி, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே குப்பைத் தொட்டியில் போட்டாள். ரஸ் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் அவன் கெட்டிக்காரன்.

வெள்ளிக்கிழமை, தார் ரோடு முடிந்து கரிசல் தொடங்கிய பிறகு, முல்லரூவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மண் தடத்தில் இறங்கினோம். பார்லோ ஓடையைத் தாண்டினோம். அப்போது அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் வெடிப்புதான். அதற்கும் அப்பால் கூலிபா மரங்கள் நின்ற ஒரு இடத்தில், பக்கத்தில் ஒரு மணல்மேடு இருந்ததைப் பார்த்து ரஸ் வண்டியை நிறுத்தினான். டிரெய்லரின் இடது சக்கரம் அரைபடுகிற சத்தம் அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. சக்கரத்தைத் தொட்டால் கை சுட்டது. பேரிங் போய்விட்டது.

மறுநாள் காலை டிரெய்லரைக் கழற்றி விட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு போகப் புறப்பட்டான்.

"முல்லரூல பப்புக்குப் பின்னாடி ஒருத்தன் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கான். நாப்பது கிலோமீட்டர்தான். வாங்கிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்."

"டீகனையும் கூட்டிட்டுப் போ" என்றேன்.

"வேணாம். நான் நடுவுல இல்லாம இருந்தா நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்குவீங்க."

"பேசிக்க மாட்டோம்" என்றாள் டீகன், மரத்தடியிலிருந்து தலையைத் தூக்காமல். அந்தப் பயணத்தில் அவள் சொன்னதில் எனக்கும் உடன்பாடாக இருந்தது அது ஒன்றுதான்.

"சாட்டிலைட் போனையாவது வெச்சிட்டுப் போ, ரஸ்."

"வழியில எனக்கு ஏதாவது ஆனா நான் என்ன பண்றது? உங்ககிட்ட தண்ணி இருக்கு, சாப்பாடு இருக்கு. ஒரு காலைப் பொழுது. அதுக்கு இவ்வளவு பேச்சா?"

காரின் தூசி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது டீகன் நாற்காலியை எனக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருந்தாள்.

மத்தியானம் வந்தது. அவன் வரவில்லை. ஈக்கள் கண்ணோரத்திலும் உதட்டோரத்திலும் மொய்த்தன. நான் ரொட்டியில் சீஸ் வைத்து அவளிடம் நீட்டினேன். வாங்காமல் தானே எழுந்து போய் வேறு ரொட்டி எடுத்து, வேறு சீஸ் வைத்துத் தின்றாள். பொழுது சாயும் நேரத்தில்தான் முதல் முதலாகப் பேசினாள்.

"நீ ஏதாவது சொல்லியிருப்ப. அதான் கோவிச்சுட்டுப் போயிட்டாரு."

"பேரிங் வாங்கப் போயிருக்காரு."

"எங்க அம்மாவும் இப்படித்தான் எதையாச்சும் நச்சரிச்சுட்டே இருப்பா."

எதைச் சொன்னாலும் அவளுக்கு அது ஒரு கல்லாகக் கையில் கிடைத்துவிடும். இருட்டியதும் அவள் கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்தாள். நான் வெளியே படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடுப்பை மூட்டித் தகரக் கெட்டிலில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். டீகன் தோள்பையில் பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும் திணித்துக்கொண்டிருந்தாள். பூட்ஸைத் தட்டி மண்ணை உதிர்த்து நெருப்போரம் வைத்துவிட்டு, சாக்ஸைத் தேடினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"அப்பாவைத் தேடி."

"நாப்பது கிலோமீட்டர், டீகன்."

"நான் ஸ்கூல் ஓட்டப்பந்தய டீம்ல இருக்கேன். உன்ன மாதிரி உக்காந்தே சம்பாதிக்கல."

"அந்த ஒரு பாட்டில் தண்ணி பத்து மணிக்குத் தீந்துடும். அதுக்கப்புறம் வெயில். வண்டியை விட்டு நடந்தவங்களைத்தான் இங்க செத்துக் கிடக்கத் தூக்கிட்டு வர்றாங்க. கூடவே இருந்தவங்களை இல்ல. பஸ் நின்னுபோனா நான் யாரையும் இறக்கி விடறதில்ல. யார் அழுதாலும் சரி."

"இது உன் பஸ் இல்ல. நீ எனக்கு யாருமில்ல. என்னைத் தடுக்க உனக்கு என்ன இருக்கு?"

பையைப் பிடித்தேன். ஒரு இழுப்பில் பிடுங்கிக்கொண்டாள். என்னைவிட அரை சாண் உயரம், என்னைவிட பலம். இவளோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது, கெஞ்சினால் இன்னும் வேகமாகப் போவாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவளுடைய மற்ற செருப்பெல்லாம் காரில் இருந்த பெட்டிக்குள். என் பூட்ஸ் அவள் காலுக்கு நுழையாது. அவள் சாக்ஸுக்காகக் குனிந்த நேரத்தில் அவளுடைய பூட்ஸ் இரண்டையும் எடுத்து நெருப்பில் போட்டு, மண்வெட்டியால் தணலுக்குள் அழுத்தினேன்.

தோல் கருகும் நாற்றம் எழும்வரை அவளுக்குப் புரியவில்லை. நெருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கெட்டிலைத் தூக்கி என்மேல் வீசினாள். முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினேன். கொதித்த தண்ணீர் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை விழுந்தது.

அவள் கத்தவில்லை. தாழ்ந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. அப்பா வந்ததும் சொல்லுவேன். உன்னை இங்கயே விட்டுட்டுப் போகச் சொல்லுவேன்."

"சொல்லு" என்றேன்.

கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கையை நனைத்தேன். குடிக்கிற தண்ணீர், அதனால் நினைத்த அளவு ஊற்ற முடியவில்லை. ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பினால் அவள் வெறுங்காலோடு தடத்தில் நடந்துகொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. அந்தத் தடம் முழுக்க நெருஞ்சி. கொஞ்ச தூரம் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு போனாள். பிறகு ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது பாதி தூரம் தவழ்ந்து வந்தாள்.

முள் எடுக்கும் சிறு இடுக்கியை அவள் பக்கத்தில் ஒரு கட்டைமேல் வைத்தேன். அதைத் தட்டிவிட்டாள். நான் டிரெய்லருக்குப் பின்னால் போய், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்தபோது இடுக்கி அவள் கையில் இருந்தது.

தண்ணீர் வந்தது வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கோ வடக்கே பெய்த மழை அது. முதலில் கேட்டது தண்ணீர்ச் சத்தமாகவே இல்லை, யாரோ நிறையப் பேர் சருகின்மேல் நடந்து வருவதுபோல் இருந்தது. மரங்களுக்கு நடுவே பழுப்பு நுரை ஒன்று, காய்ந்த இலை, குச்சி, எறும்பு, சிலந்தி எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். கரிசல் வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி, களகளவென்று நிரப்பி, மேலே எழும்பி அடுத்த வெடிப்புக்குப் போயிற்று. அவள் காலையில் நடந்த தடத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை மூடிவிட்டது.

டீகன் எழுந்து நின்று பார்த்தாள்.

"இந்நேரம் நான் தாண்டிப் போயிருப்பேன்" என்றாள்.

"பார்லோ ஓடை பாதி வழியில இருக்கு. அதுக்குள்ளயும் இதே தண்ணிதான் ஓடும்."

"எனக்கு நீச்சல் தெரியும்."

நான் தண்ணீர்க் கேனைத் தூக்கினேன். "மேட்டுக்கு ஏறு. காலை ஊன முடியலைன்னா உக்காந்தே நகரு."

கேன்கள், உணவுப் பெட்டி, போர்வை, தார்ப்பாய் எல்லாவற்றையும் மணல்மேட்டுக்குக் கொண்டுபோனேன். நான்காவது நடையில் சுட்ட கை எதையும் பிடிக்க மறுத்தது. டீகன் என்னிடம் எதுவும் கேட்காமல் இறங்கி வந்தாள். குதிகாலை மட்டும் ஊன்றி நடந்து, இரண்டாவது கேனை மணலில் இழுத்துக்கொண்டு ஏறினாள். பல்லைக் கடித்திருந்தாள். உதவி செய்கிற முகமாக இல்லை அது. நான் இல்லாமலே தனக்கு அந்தத் தண்ணீர் வேண்டும் என்கிற முகம்.

சாயங்காலத்துக்குள் டிரெய்லரின் சக்கரம் மறைந்தது. எங்கள் மேடு ஒரு தீவாகிவிட்டது. அதன் மறுகோடியில் ஒரு பழுப்புப் பாம்பு நீந்திக் கரையேறி, எங்களைக் கண்டுகொள்ளாமல் சுருண்டுகொண்டது. அதன் பக்கத்துக்கு நாங்கள் போகவில்லை. அவசரத்தில் ஒரே ஒரு கரண்டிதான் எடுத்து வந்திருந்தேன். தகர டப்பா அவரைக்கொட்டையில் டீகன் சரிபாதி தின்றுவிட்டு, டப்பாவை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மணலில் வைத்தாள். கொசு வந்தது. தார்ப்பாய்க்குள் ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தோம்.

"அவரு செத்துட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. தண்ணிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு இருக்காரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

திங்கள் காலை ஹெலிகாப்டர் வந்தது. மாடு விரட்டுகிற சின்ன வண்டி, ஓட்டுகிறவளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கை. ஓட்டியவள் பக்கத்துப் பண்ணைக்காரி, பெயர் ஜோடி. விசிறியை நிறுத்தாமலே கத்திப் பேசினாள்.

"ஒருத்தரைத்தான் ஏத்த முடியும். முதல்ல பொண்ணு. பூட்ஸ் எங்கம்மா?"

"எரிச்சுட்டா" என்றாள் டீகன்.

"யாரு?"

டீகன் என்னை நோக்கி முகவாயை நீட்டினாள். ஜோடி என் கையில் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தாள், பெண்ணின் காலைப் பார்த்தாள், அவளை ஏற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் மேலே எழும்பிப் போன பிறகு நானும் பாம்பும் மட்டும் மேட்டில் இருந்தோம். அந்தப் பயணத்திலேயே எனக்கு நிம்மதியாக இருந்த பொழுது அது.

முல்லரூ என்றால் ஒரு பப், ஒரு ஒர்க்‌ஷாப், ஒரு பெட்ரோல் பம்பு. நான் போய் இறங்கியபோது ரஸ் வாசலில் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. என்னை நோக்கி வந்தான். கட்டிப்பிடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"அவ பூட்ஸை எரிச்சியாமே, மார்னி."

"ஆமாம்."

"குழந்தைகிட்ட எடுத்துச் சொல்லத் தெரியாதா? கால் முழுக்க முள்ளு. நான் இங்க எப்படித் துடிச்சிட்டிருந்தேன் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. போன் உன்கிட்டதானே இருந்துச்சு."

கைகளை விரித்துவிட்டு, காரைப் பார்க்கப் போகிறேன் என்று பின்பக்கம் போய்விட்டான். உள்ளே டீகன் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலோடு உட்கார்ந்திருந்தாள். காலில் யாரோ கொடுத்த ரப்பர் செருப்பு. பப் நடத்துகிற பெவ் என் கையைப் பிடித்துத் துண்டை அவிழ்த்தாள். அறுபதைத் தாண்டிய, கனத்த பெண். கொப்புளங்களைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினாள்.

"என்ன தங்கம் இது?"

"டீ கொட்டிடுச்சு. கை தவறி."

"கை தவறல" என்றாள் டீகன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நான்தான் எறிஞ்சேன்."

அதில் வருத்தம் எதுவும் இல்லை. தான் செய்ததை நான் மூடி மறைப்பதுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை. பெவ் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு மருந்துப் பெட்டியை எடுத்து வந்தாள். களிம்பு தடவும்போது அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"உன் புருஷனும் பாவம். சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சு கிளம்பினவரு, கொஞ்ச நேரத்துல வெளிறிப்போய்த் திரும்பி வந்துட்டாரு. ஓடையில இடுப்பளவு தண்ணின்னு. அது அஞ்சு மணிக்குத்தான் வந்திருக்கு. அதுக்கு முன்னால வரைக்கும் குதிச்சுத் தாண்டலாம்."

"என்ன மேட்ச்?" என்றேன்.

"ரக்பிதான். அவரோட டீமாம். பேரிங் பதினோரு மணிக்கே கிடைச்சாச்சு. ஒரு பீர் குடிச்சிட்டுக் கிளம்பறேன்னாரு, அப்புறம் டிவியில..." பெவ்வின் கை நின்றது. "நீங்க ரெண்டு பேரும் அங்க இருக்கறது எங்களுக்குத் தெரியாதும்மா. ஓடையைப் பாத்துட்டு வந்த பிறகுதான் சொன்னாரு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானே துரத்தியிருப்பேன். நேத்து ஜோடி அத்தனை மாட்டையும் மேட்டுக்கு ஏத்தி முடிக்கவே இருட்டிடுச்சு."

டீகன் ஒரு வறுவல் துண்டை வாயருகே கொண்டுபோனவள், அதைத் தட்டிலேயே வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டு, விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். பிறகு டிவி இருந்த மூலையை வெகுநேரம் பார்த்தாள். டிவி அப்போது அணைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை தெற்குப் பாதையில் கிளம்பினோம். தண்ணீர் வடிந்ததும் டிரெய்லரை எடுத்துக்கொள்வதாக ரஸ் ஒர்க்‌ஷாப்காரனிடம் சொல்லிவிட்டான். காரில் டீகன் முன்னால், நான் பின்னால். அவன் மட்டும் பேசிக்கொண்டு வந்தான். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் அதுதான் முக்கியம், வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் ஒருத்தரிடம் ஒருத்தர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டால் முடிந்தது என்றான். தார் ரோடு வந்த பிறகு டீகன் வாயைத் திறந்தாள்.

"யாருப்பா ஜெயிச்சா?"

"எதுல?"

"சனிக்கிழமை மேட்ச்ல."

ரஸ் என்னைக் கண்ணாடியில் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், அதனால் அவனும் ஏமாந்துவிட்டான்.

"நம்ம டீம்தான். ரெண்டு பாயிண்ட் வித்தியாசம். அதுவும் கடைசி நிமிஷத்துல. அந்தப் பையன் ஓரத்துலயே ஓடி வந்து, ரெண்டு பேரைத் தள்ளிட்டு, விழுந்துக்கிட்டே..."

"கடைசி நிமிஷம் வரைக்கும் இருந்தியா?"

அவன் கண்ணாடியைச் சரிசெய்தான்.

"ஆட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"டீகன், தண்ணி வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? யாருக்குத்தான் தெரியும்?"

"எத்தனை மணிக்குன்னு கேட்டேன்."

"மூணு" என்றான்.

அவன் ரேடியோவைப் போட்டான். அதில் இரைச்சல்தான் வந்தது. ஆனாலும் வெகுதூரம் அதை அணைக்காமலே ஓட்டினான்.

சார்ல்வில்லில் பெட்ரோல் போட நின்றபோது என் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். என் அக்காவுக்குப் போன் செய்து, மறுநாள் பஸ்ஸில் வருகிறேன், உன் வீட்டில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் காரணம் கேட்கவில்லை. ரஸ்ஸிடம் சொன்னபோது, காரில் சாய்ந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"ஒரு மேட்சுக்காகவா, மார்னி?"

அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன் என்று தோன்றியது. பணம் கட்டுவதற்காக அவன் உள்ளே போனான். டீகன் காரைவிட்டு இறங்கி வந்தாள். அந்த ரப்பர் செருப்பு அவளுக்குப் பெரியது, தேய்த்துத் தேய்த்து நடந்தாள்.

"போறியா?"

"ஆமாம்."

"என்னாலயா?"

"உன்னால போறதா இருந்தா போன வருஷமே போயிருப்பேன்."

அவள் முகத்தில் கோபம் ஏறி வருவதைப் பார்த்தேன். இந்த ஒன்றரை வருஷத்தில் அந்தக் கோபத்தின் எல்லாப் படிகளும் எனக்கு மனப்பாடம். ஆனால் இது வேறு எங்கோ போய் நின்றது.

"அப்ப நான் மட்டும் அவரோட உக்காந்து வரணும். டூவூம்பா வரைக்கும். நீ பாட்டுக்கு இறங்கிட்ட."

"ஏழு மணி நேரம்தான்."

"ரொம்ப சௌகரியம் உனக்கு" என்றாள். "எல்லாருக்கும் விட்டுட்டுப் போறது ரொம்ப சுலபமா வருது."

ரஸ் இரண்டு காபியோடு வெளியே வந்தான். ஒன்று தனக்கு, ஒன்று அவளுக்கு. அவள் அதை வாங்கவில்லை. அவனைத் தாண்டிப் போய்க் கார்க் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, அறைந்து சாத்தினாள். அவன் கையில் இரண்டு காபியோடு கதவைத் திறக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஒன்றை பம்பின் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

கார் திரும்பி நெடுஞ்சாலையில் ஏறும்வரை பார்த்தேன். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காபியை நான் எடுத்துக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.